வாசலில் செருகிய நாணல்

இன்றைக்கும் வாசல் நிலையில் நாணல் செருகியிருந்தது. இது மூன்றாவது நாள்.

லிபுவோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னும் ஒரு மணி நேரத்தில் திறப்புவிழா. தலைநகர் மசேருவிலிருந்து புறப்பட்ட அமைச்சர் மலை ஏறிக்கொண்டிருப்பதாகத் தகவலும் வந்துவிட்டது.

லெசோத்தோ நாட்டு மலைமக்களின் வாழ்க்கையைக் காட்டும் அந்த அருங்காட்சியகத்தை வடிவமைத்தவள் அவள்தான். மூன்று வருட உழைப்பு. அணை கட்டியதில் மூழ்கவிருந்த ஒரு கிராமத்திலிருந்து வீடு ஒன்றை அப்படியே பெயர்த்து, கல்லுக்குக் கல் எண் போட்டு, கூடத்தின் நடுவில் திரும்பக் கட்டியிருந்தாள். கூரைப் புல்கூடப் பழசுதான்.

நாணல் செருகுவது யார் என்று துப்புத்துலக்க வேண்டியதில்லை. கூட்டிப் பெருக்கும் மாதுமெலோ. அந்த வீடே ஒரு காலத்தில் அவளுடையது. அணைக்காரர்களிடம் புது வீடும் வாங்கிக்கொண்டு வேலையையும் பிடித்துக்கொண்டாள் என்று ஊரில் பொருமாத ஆள் இல்லை.

வேலையாவது ஒழுங்காகச் செய்தாளா? மற்ற அறைகளை அரைகுறையாகப் பெருக்கிவிட்டு, நாள் முழுக்க அந்த வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பாள்.

நேற்று ஒத்திகைக்கு வந்த ஊர்ப் பெண்கள் வாசல்வரை வந்தார்கள், நாணலைப் பார்த்தார்கள், பேசாமல் திரும்பிப் போய்விட்டார்கள். வாசலில் நாணல் இருந்தால் உள்ளே பச்சைக்குழந்தை இருக்கிறது, வெளியாள் நுழையக் கூடாது. மலையில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. லிபுவோவே அதை அழகாகப் பலகையில் எழுதி அடுத்த அறையில் மாட்டியிருக்கிறாள்.

இன்றைய விழாவுக்கு உயிரே அந்த வீட்டுக்குள் இருக்கும் மண்பானைதான். வீட்டைப் பெயர்த்த அன்று அடுப்புக்குப் பக்கத்தில் தரைக்கடியில் கிடைத்தது. வாயைக் களிமண்ணால் பூசி மூடியிருந்தார்கள். கடப்பாரையோடு பத்து ஆண்கள் சுற்றி நிற்க, உள்ளே என்ன என்று லிபுவோ கேட்டாள். மாதுமெலோ தலையைக் குனிந்துகொண்டு, "எங்க வீட்டு வித்து" என்றாள்.

சோள விதை! மூழ்கிய ஊரின் கடைசி விதை. லிபுவோவுக்குப் புல்லரித்துவிட்டது. விதைப்பானைக்குக் கனமே இல்லையே என்று தூக்கிய ஆள் முணுமுணுத்ததை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அமைச்சர் தன் கையால் பானையை உடைத்து விதையை மண்ணில் தூவப்போகிறார். அதற்கு வெளியே ஒரு பாத்திகூடக் கட்டியாகிவிட்டது.

லிபுவோ நாணலைப் பிடுங்கிக் கீழே எறிந்தாள். விளக்குமாறோடு வந்த மாதுமெலோ அதைக் குனிந்து எடுத்தாள்.

"போதும்மா. இன்னியோட உங்களுக்கு இங்க வேலை இல்ல."

"சரிம்மா. பானையை மட்டும் உடைக்க வேணாம்னு சொல்லிடுங்க."

"ஏன்? வெதை மொளச்சா உங்க ஊருக்குத்தானே பேரு?"

"அது மொளைக்காதும்மா."

லிபுவோவுக்கு எரிச்சலில் சிரிப்பே வந்துவிட்டது. "புள்ள பொறந்த வீட்டுக்குத்தானே நாணல் செருகுவாங்க? இங்க யாருக்குப் பொறந்திருக்கு?"

மாதுமெலோ சுற்றுமுற்றும் பார்த்தாள். ஆண்கள் யாரும் இல்லை.

"எனக்குத்தான்" என்றாள். "பொறந்துச்சு. அழல."

லிபுவோவுக்கு முதலில் புரியவில்லை.

"அழாத புள்ளைய இடுகாட்டுக்குக் கொண்டுபோக மாட்டாங்கம்மா. பானையில வச்சு, வீட்டுக்குள்ளயே பொதைச்சிடுவோம். பொம்பளைங்க சமாச்சாரம், ஆம்பளைங்க காதுக்குப் போகக் கூடாது. அணைக்காரங்க கல்லறையெல்லாம் எண்ணி எடுத்துட்டுப் போனாங்க. இது அவங்க கணக்குல வரல. அன்னிக்கு அத்தனை பேரு முன்னால நான் வேற என்னன்னு சொல்ல?"

மாதுமெலோ என்றால் துமெலோவின் அம்மா. கல்யாணத்தன்றே, பிறக்கப்போகும் பிள்ளையின் பெயரை வைத்து மருமகளைக் கூப்பிடுவது மலை வழக்கம். மூன்று வருடமாக அந்தப் பெயரைச் சொல்லித்தான் லிபுவோ அவளை அங்கே பெருக்கு, இங்கே துடை என்று ஏவிக்கொண்டிருந்தாள். துமெலோ எங்கே என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

வெளியே கார்க் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. மாலை, புகைப்படக்காரர்கள், தட்டில் ஒரு சின்னச் சுத்தியல் சகிதம் அமைச்சர் கூடத்துக்குள் வந்தார். பழைய வீட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்துபோனது.

"அடடே, எங்க பாட்டன் வீடு மாதிரியே இருக்கே. எங்கம்மா அந்த வெதைப்பானை? உள்ள போவமா?"

லிபுவோ மாதுமெலோவின் கையிலிருந்த நாணலை வாங்கினாள். திரும்பவும் நிலையில் செருகிவிட்டு, வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"கூடாதுங்கய்யா. துமெலோ தூங்குறான்."