சைனபாவின் கைக்குள் ஃபியூஸ்

டிவியில் கால்பந்து இறுதி ஆட்டம் பெனால்டிக்கு வந்துவிட்ட நேரத்தில் மின்விசிறி வயர் புகைகிறது. ஃபியூஸைப் பிடுங்கியதில் டிவியும் இருண்டு, கூடம் நிறையக் கூச்சல். ஏணி உச்சியில் குஞ்ஞாலவி வெறுங்கையால் வயரை முறுக்குகிறார். கீழே அவர் மனைவி சைனபாவின் கைக்குள் அந்த வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ். பக்கத்து வீட்டு மொய்தீன் தடித்த செம்புக் கம்பி சுற்றிய இன்னொன்றோடு பாய்ந்து வருகிறான். “தள்ளு இத்தா! இந்தக் கம்பி ஜென்மத்துக்கும் போகாது!” “கம்பி போகாதுடா, மேல நிக்கிற என் ஆளு போயிடுவாரு!” சைனபா முதுகால் ஃபியூஸ் பெட்டியை மறைத்து நிற்கிறாள். “முடிஞ்சுது, போடு!” என்கிறார் குஞ்ஞாலவி. “முதல்ல இறங்குங்க இக்கா. கையைக் காட்டுங்க.” அவர் இறங்கி இரு கைகளையும் விரிக்கிறார். சைனபா ஒரு கையால் அவர் விரல்களைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஃபியூஸை அழுத்துகிறாள். வெளிச்சம், பந்து, குலுங்கும் வலை! கூடமே துள்ளுகிறது, அவர் விரல்களை விடாமல் சைனபாவும் துள்ளுகிறாள்.