கேட்டுக்கு உள்ளே ஒரு கருங்காலி

"சந்தேகமே இல்லை. அவங்க குரல்தான்" என்றார் சங்கப் பொருளாளர். பூட்டியிருந்த பள்ளிக்கூட கேட்டில் அவர் காதை வைத்திருந்தார். காது வைக்கத் தேவையே இல்லை. குரல் தெருமுனை வரைக்கும் கேட்டது.

ஒண்ணாங்கிளாஸ் டீச்சருக்கு ஆசிரியர் சங்கத்தில் ‘மைக் செட்’ என்று பெயர். ஊர்வலத்தின் தலையில் நின்று கோஷம் போட்டால் வாலில் வருகிறவர்கள் பதில் சொல்லும் அளவுக்குத் தொண்டை. அந்தத் தொண்டை இன்று, வேலைநிறுத்தத்தன்று, வகுப்பறைக்குள் இருந்தது.

"இது என்ன எழுத்து? சொல்லுங்க பார்க்கலாம்."

உள்ளே பிள்ளைகள் யாரும் பதில் சொல்லவில்லை. யாரோ பெஞ்சைத் தடதடவென்று தட்டினார்கள், யாரோ அழுதார்கள். கொஞ்சம் பொறுத்து அதே குரல் சொன்னது: "சபாஷ். ரொம்ப நல்லா சொன்னீங்க."

"ஒரு பிள்ளை வாயைத் திறக்கலை. இவங்க பாட்டுக்கு சபாஷ் போடுறாங்க" என்றார் பொருளாளர்.

"அது பிள்ளைங்களுக்கு இல்லைய்யா. மேலிடத்துக்குக் கேட்கட்டும்னு போடுற சபாஷ்" என்றார் சங்கச் செயலாளர்.

ஒவ்வொரு வகுப்பிலும் சுவரை அடைத்துக்கொண்டு பெரிய திரை மாட்டக் கல்வித் துறையிடம் பணம் இருந்தது. ஓய்வு பெற்றுப் போனவர்களின் இடத்தில் ஆள் போட மட்டும் நிதி இல்லை என்று கைவிரித்தார்கள். அதற்காகத்தான் இந்த ஒருநாள் வேலைநிறுத்தம். வட்டாரத்தில் ஒரே ஒரு வகுப்பு நடந்தாலும் ‘பள்ளிகள் வழக்கம்போல் இயங்கின’ என்று மாலைக்குள் அறிக்கை வந்துவிடும். அதற்கப்புறம் பேச்சுவார்த்தையாவது, புது டீச்சராவது.

அதிகம் நொந்தவர் ஒண்ணாங்கிளாஸ் டீச்சர்தான். ஆள் இல்லாத இரண்டாங்கிளாஸையும் தன் அறையிலேயே உட்கார வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கத்துகிறவர். ‘திரை பாடம் நடத்தும், சரி. மூக்கைத் துடைச்சு விடுமா?’ என்று சங்கக் கூட்டத்தில் கேட்டுக் கைதட்டல் வாங்கியவர். ‘திரைக்கு நிதி, டீச்சருக்கு விதியா?’ என்று இன்றைய பேனருக்கு வாசகம் எழுதியதும் அவரே.

"ஆமா, பேனர் எங்கே?"

"அவங்கதான் பிரஸ்ல வாங்கிட்டு வர்றதா ஏற்பாடு."

"விளங்கிடும். போன் போட்டீங்களா?"

"அணைச்சு வெச்சிருக்காங்க."

தாமதமாக மகளைக் கூட்டி வந்த ஒரு அம்மா, கேட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு இவர்களை மேலும் கீழும் பார்த்தாள். "உள்ளே ஒரு டீச்சரே சமாளிக்கிறாங்க. அப்ப நீங்க இத்தனை பேர் எதுக்கு?" என்று கேட்டாள். சங்கத்தில் சேராத தலைமையாசிரியர் வந்து, கேட்டை ஒரு பிள்ளை நுழையும் அளவுக்குத் திறந்து, உடனே பூட்டிக்கொண்டு போனார்.

செயலாளரின் முகம் சிவந்துவிட்டது.

"எனக்கு லீவுலயே ஒரு மாதிரி இருந்துச்சு. திரைப் பாடம் சம்பந்தமா துறை ஆபீசுக்கு நாலு தடவை போயிட்டு வந்தாங்க."

"நீங்கதானே சார் அனுப்பினீங்க?" என்றார் மூணாங்கிளாஸ் டீச்சர். ஒண்ணாங்கிளாஸ் டீச்சரை அக்கா என்று கூப்பிடுகிறவர் அவர் ஒருவர்தான். "அக்கா மாட்டேன்னுதான் சொன்னாங்க."

"குரல் கணீர்னு இருக்கு, நம்ம சங்கத்துக்கும் பெருமை, போய்ப் பேசிட்டு வாங்கன்னு சொன்னேன். விலை பேசிட்டு வாங்கன்னா சொன்னேன்?"

"வீட்டுல என்ன நெருக்கடியோ. ஒரு வார்த்தை அவங்களைக் கேட்டுட்டு முடிவு பண்ணலாமே சார்."

"கேட்கிறதுக்கு என்னம்மா இருக்கு? அதான் கேட்குதே."

உள்ளே குரல் யானைப் பாட்டை ஆரம்பித்திருந்தது. காலையிலிருந்து அது மூன்றாவது முறை.

செயலாளர் மதில் ஓரமாகக் கிடந்த கல்லின் மேல் ஏறி நின்றார். எல்லாம் விதிப்படி நடக்க வேண்டும் என்பதில் அவர் கறார்.

"கூட இருந்து குழி பறிக்கிற கருங்காலியைச் சங்கத்துல வெச்சுக்க முடியாது. உறுப்பினர் பதவியிலிருந்து இப்பவே நீக்கணும்கிறவங்க கையைத் தூக்கலாம்."

கைகள் உயர்ந்தன. பொருளாளர் இரண்டு கையையும் தூக்கி, ஒன்றை இறக்கிக்கொண்டார். மூணாங்கிளாஸ் டீச்சரின் கை தோள் வரைக்கும் வந்து நின்றது. செயலாளர் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்ததால் மீதித் தூரமும் போயிற்று.

செயலாளர் முன்வரிசையிலிருந்து எண்ணிக்கொண்டே வந்தார். கடைசி வரிசைக்குப் பின்னால் அவருடைய விரல் அந்தரத்தில் நின்றது. அங்கே ஒரு கை எல்லாக் கைகளையும்விட உயரமாக இருந்தது. அந்தக் கைக்குச் சொந்தக்காரரின் மறு கக்கத்தில் சுருட்டிய பேனர்.

"பிரஸ்காரர் இப்பத்தான் கொடுத்தார். போன் வேற செத்துப்போச்சு" என்றார் ஒண்ணாங்கிளாஸ் டீச்சர், மூச்சு வாங்கிக்கொண்டே. "எனக்கும் சம்மதந்தான். ஆமா, யாரை நீக்குறோம்?"

வகுப்பறைத் திரையிலிருந்து அதே தொண்டை, மூச்சு வாங்காமல் கேட்டது:

"இது யாரு? சொல்லுங்க பார்க்கலாம்."

தூக்கிய கைகள் தூக்கியபடியே இருந்தன. திரை கொஞ்சம் பொறுத்துப் பார்த்தது.

"சபாஷ். ரொம்ப நல்லா சொன்னீங்க."