எல்லோருக்கும் ஒரு நகல்

"யாரைக் கேட்டு சார் இதைச் செஞ்சீங்க?"

நான் போட்ட சத்தம் தெருமுனைவரை கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் போட்டேன்.

செயலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார். எனக்குக் கோபம் வரும்போதெல்லாம் அவருக்குக் கண்ணாடியில் அழுக்கு தெரிந்துவிடும்.

எங்கள் அமைப்பின் இணையதளத்தில் ஒரு படிவம் உண்டு. வீட்டில் அடி வாங்குகிற பெண்கள் அதில் எழுதி அனுப்பலாம். பெயர் போட வேண்டாம், ஒரு போன் நம்பர் போதும். 'நீங்கள் எழுதுவதை எங்கள் ஆலோசகர் மட்டுமே படிப்பார்' என்று அதன் அடியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறோம்.

அந்த ஆலோசகர் நான்.

நேற்றுவரை நான் மட்டும்தான். இன்று காலை வந்த மெயிலைத் திறந்தால், என் முகவரிக்குப் பின்னால் ரயில்பெட்டி மாதிரி வரிசையாக முகவரிகள். தலைவர், பொருளாளர், செயலாளர், நன்கொடை கொடுக்கிற பெரிய மனிதர்கள். கட்டடத்துக்கு இலவசமாக டைல்ஸ் போட்டுக் கொடுத்தவர்கூட இருந்தார்.

"நிதி கொடுக்கறவங்க நம்ம வேலையைத் தெரிஞ்சுக்க ஆசைப்படறாங்கம்மா. அதான் வெப்சைட் பார்க்கற தம்பிகிட்ட சொல்லி, வர்ற படிவமெல்லாம் எல்லாருக்கும் போற மாதிரி பண்ணச் சொன்னேன். நாலு பேர் கண்ணுல பட்டா நல்லதுதானே?"

"இது என்ன கல்யாணப் பத்திரிகையா, ஊருக்கெல்லாம் ஒண்ணு அனுப்ப?"

"நீங்க ஒரே ஆளு. காய்ச்சல்னு படுத்துட்டா யாரு பார்க்கறது?"

அதில் நியாயம் இருந்தது. அதனால்தான் ஆத்திரம் இன்னும் பொங்கியது. இன்னொரு ஆலோசகரைப் போடுங்கள் என்று நான் கேட்காத நாளில்லை. ஆள் போட நிதி கிடையாது. முகவரி சேர்க்கத்தான் செலவே இல்லையே!

மெயிலை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன்.

'குழந்தையோடு இந்த வீட்டைவிட்டு வந்துவிட வேண்டும். இன்று அவர் வெளியூர் கிளம்புகிறார். மதியத்துக்கு மேல் கூப்பிடுங்கள். முன்னால் வேண்டாம். நான் எழுதியது தெரிந்தால் உயிரோடு விடமாட்டார். வெளியில் எல்லோருக்கும் அவர் ரொம்ப நல்லவர். நான் சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்?'

பெயர் இல்லை. நம்பர் மட்டும் இருந்தது.

"இதை இப்ப எத்தனை பேர் படிச்சிருப்பாங்க?"

"யாரும் படிச்சிருக்க மாட்டாங்கம்மா. அவங்கவங்களுக்கு ஆயிரம் வேலை."

"அப்புறம் என்ன மண்ணுக்கு சார் அனுப்பறீங்க?"

இப்படி ஒரு வார்த்தை இந்த அலுவலகத்தில் நான் பேசியதில்லை. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் எங்கள் இரண்டு பேர் போனும் ஒன்றாக ஒலித்தன.

டைல்ஸ்காரரிடமிருந்து மெயில். எல்லோருக்கும் அனுப்பியிருந்தார்.

'எனக்குத் தெரிந்த குடும்பம்தான். சின்ன மனத்தாங்கல். நானே பார்த்துக்கொள்கிறேன். மற்றவர்கள் யாரும் சிரமப்பட வேண்டாம்.'

"பார்த்தீங்களா!" செயலாளர் முகமெல்லாம் பல்லாகிவிட்டது. "எவ்வளவு பொறுப்பான மனுஷன்!"



போன மாதம்தான் மேடையில் ஏற்றி அவருக்குச் சால்வை போட்டோம். பெண்கள் படும் கஷ்டத்தைச் சொல்லும்போது குரல் உடைந்து, பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும்தான் கைதட்டினேன். இளகிய மனசு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இந்த மாதிரி நல்லவர்கள்தான் காரியத்தைக் கெடுப்பார்கள். இப்போது நேராக அவள் புருஷனிடம் போவார். தோளில் கை போட்டு, 'என்னப்பா, உன் வீட்டுக்காரி இப்படியெல்லாம் எழுதியிருக்கா, கொஞ்சம் அனுசரிச்சுப் போ' என்பார். அவன் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்துவான்.

"அந்த ஆளுக்கு போன் போடுங்க சார்! அவ புருஷன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சொல்லுங்க!"

செயலாளர் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

மதியம்வரை பொறுத்தால் அவள் கதி என்ன ஆகும்? டைல்ஸ்காரர் போய் வாயைத் திறப்பதற்குள் அவளை எச்சரித்தாக வேண்டும். கூப்பிடாதே என்று அவளே எழுதியிருந்தாள். விரல் ஒரு கணம் தயங்கியது. இந்தத் தயக்கத்தை எனக்குக் கொடுத்த அத்தனை பேரையும் மனசுக்குள் திட்டிக்கொண்டே அவள் நம்பரை அழுத்தினேன்.

ஆண் குரல் எடுத்தால் எங்களுக்கு ஒரு வழி உண்டு. தையல் கடை என்று சொல்லிவிடுவோம். எந்தப் புருஷனும் அதற்குமேல் கேட்கமாட்டான்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். முதலில் ஒரு குழந்தை வீறிட்டு அழுவதுதான் கேட்டது. பிறகு ஓர் ஆண் குரல்.

"சொல்லுங்க."

"தையல் கடையிலேர்ந்து பேசறேன். மேடத்தோட துணி ரெடியாயிடுச்சு. அவங்ககிட்ட போனைக் கொஞ்சம் கொடுக்கறீங்களா?"

மிகவும் மரியாதையாகப் பதில் வந்தது.

"அவளால இப்ப பேச முடியாதும்மா. அதான் நானே பார்த்துக்கறேன்னு உங்க எல்லாருக்கும் எழுதியிருந்தேனே."