சிலிண்டரின் வயிற்றெரிச்சல்

கல்யாண மண்டபத்தில் ஒரு தீயணைப்பு சிலிண்டர் சுவரோரம் நின்றது. அதற்கு நேர் மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள் தீயணைப்பு லைசென்ஸ் தொங்கியது. அதைக் கண்டாலே சிலிண்டருக்கு வயிற்றெரிச்சல்.

இருக்காதா பின்னே? வருஷா வருஷம் கட்டணம் கட்டி லைசென்ஸைப் புதுப்பித்தார் முதலாளி. வெள்ளிக்கிழமை தவறாமல் சந்தனம், குங்குமம், ஒரு முழம் மல்லிகை. சிலிண்டரின் கழுத்திலோ சமையல்காரரின் ஈரத்துண்டு. உள்ளே மருந்து தீர்ந்து மூன்று வருஷமாகியும் கேட்பாரில்லை. சோதனைக்கு வரும் அதிகாரிகூட லைசென்ஸை மட்டும் படித்துவிட்டு, டிபன் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சிலிண்டர் கேட்டது: "அப்படி என்னதான் எழுதியிருக்கு உன் மேல?"

"உன் வயித்துல மருந்து முழுசா இருக்குன்னு," என்றது லைசென்ஸ்.

"அடப்பாவி! என் பேரைச் சொல்லியா உனக்கு மல்லிகைப்பூ?"

மறுநாள் முகூர்த்த நேரத்தில் சமையற்கட்டில் எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டது. எல்லோரும் வாசலுக்கு ஓட, முதலாளி மட்டும் சுவரை நோக்கி ஓடிவந்தார். சிலிண்டருக்குத் தான் காலி என்பதே மறந்துபோயிற்று.

"பார்த்தியா? ஆபத்துன்னா என்னைத்தான் தேடி வர்றார்!" என்றது.

முதலாளி அதன் தலையில் காலை வைத்து எம்பி, லைசென்ஸைக் கழற்றிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.