பாதி வழியில் போட்ட குட்டி

குளியலறைக் கதவை அவர் மறுபடியும் தட்டினார்.

"யாரு உள்ள? குளிக்கிறீங்களா, குடித்தனம் நடத்துறீங்களா?"

உள்ளே தண்ணீர் விழும் சத்தமே இல்லை.

ஒன்பது பேர் இருக்கும் வீட்டில் குளியலறை ஒன்றுதான். காலையில் அதன் வாசலில் தோளில் துண்டோடு காத்து நிற்பது அவருக்குப் பழகிப்போனதுதான். இன்றைக்கு மட்டும் பொறுக்கவில்லை. நேற்று வாங்கிய கைதட்டல் இன்னும் காதை விட்டு இறங்கவில்லை. அப்படிப்பட்ட மனிதரைக் காக்க வைக்கலாமா?

ஆய்வுக்கூடத்தில் எலி வளர்ப்பது அவர் தொழில். பெரிய கூண்டு, தீனிக்கும் தண்ணீருக்கும் குறைவில்லை, பூனை பயமும் கிடையாது. பெருகட்டும் என்று விட்டுவிட்டு, நெரிசல் முற்றினால் அவை என்ன செய்கின்றன என்று பார்த்துக்கொண்டிருப்பார். தம்பி பிள்ளைகளுக்கு அவர் எலிப் பெரியப்பா. அவர் கல்யாணம் செய்துகொள்ளாததற்கு அம்மா சொல்லும் காரணமும் எலிதான்.

நேற்று மாலை ஒரு மண்டபத்தில் அதைப் பற்றித்தான் பேசினார். குடும்பமே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது.

நெரிசல் முற்றிய கூண்டில் முதலில் கெட்டுப்போவது தாய்மைதான் என்றார். தாய் எலி குட்டியை வாயில் கவ்விக்கொண்டு கிளம்பும். பாதி வழியில் கீழே போட்டுவிடும். எதற்குக் கிளம்பினோம் என்பதே அதற்கு மறந்துபோகும்.

எலி மட்டும்தானா என்று கேட்டு நிறுத்தி, சபையை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு, எனக்குத் தெரிந்த ஒரு வீடு என்று ஆரம்பித்தார்.

அங்கே ஓர் இளம் தாய். கைக்குழந்தை வீறிட்டு அழும். அவள் எடுப்பாள், நாலு எட்டு வைப்பாள், திரும்பி வந்து பாயில் கிடத்திவிட்டுச் சும்மா நிற்பாள். குழந்தை அழுது அழுது ஓயும். இதைத் தன் கண்ணாலேயே பல நாள் பார்த்ததாகச் சொன்னார்.

சபை உச்சுக் கொட்டியது. ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியது தம்பிதான், பாவம். அவனுக்கு அண்ணன் பேசினால் போதும், விஷயம் வேண்டாம்.

தம்பி மனைவி தட்டவில்லை. மடியில் குழந்தை தூங்குகிறது, கை ஒழியவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார். பெயர் சொல்லவில்லை, தெருவும் சொல்லவில்லை, யாருக்குத் தெரியப்போகிறது என்றும் நினைத்துக்கொண்டார்.

உள்ளே தாழ்ப்பாள் விலகியது.

வந்தவள் தம்பி மனைவி. நெற்றியெல்லாம் வியர்வை. தோளில் குழந்தை வயிறு நிறைந்து கண் செருகிக் கிடந்தது.

"மன்னிச்சுக்கங்க மாமா, பால் குடுத்துட்டு இருந்தேன். ஹால்ல எப்பவும் ஆம்பளைங்க இருக்காங்க, தாழ்ப்பாள் போடுற இடம் வீட்டுல இது ஒண்ணுதானே. உள்ள யாராவது இருந்தா, இவன் எவ்வளவு அழுதாலும் அவங்க வர்ற வரைக்கும் நிக்க வேண்டியதுதான்."

குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவர் ஒதுங்கி வழிவிட்டார். நேற்று ஒரு மண்டபத்தையே உச்சுக் கொட்ட வைத்த மனிதர். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மூலையில் கவிழ்த்துப் போட்ட வாளி. அதன் மேல் மடித்து வைத்த பழைய துண்டு. தொட்டுப் பார்த்தார், சூடு ஆறவில்லை. சோப்பு வாடையும் சாக்கடை வாடையும் அடிக்கும் அந்த மூலையில்தான் அந்தப் பிள்ளை இத்தனை நாளும் பால் குடித்திருக்கிறது.

அவள் வைத்த நாலு எட்டும் இந்தக் கதவைப் பார்க்கத்தான். சாத்தியிருந்தால் திரும்பியிருக்கிறாள். அவள் திரும்புவது அவர் கண்ணில் படாத நாள்களில் உள்ளே இருந்தது அவராகவும் இருந்திருக்கும். அவர் குளிக்க எடுத்துக்கொள்ளும் நேரம் வீட்டில் பிரசித்தம்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. முன்வரிசையில் உட்கார்ந்து, தன்னைப் பார்த்து ஒரு சபையே பரிதாபப்படுவதைக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து அவருக்குச் சாப்பாடு எடுத்து வைத்திருக்கிறாள் அந்தப் பெண். அவரும் உட்கார்ந்து, பேச்சு எப்படி என்று கேட்டுக்கொண்டே சாப்பிட்டிருக்கிறார்.

நேரமில்லை என்று நேற்றைய பேச்சில் ஒரு பகுதியை அவர் விட்டுவிட்டார்.

கூண்டில் இடம் என்றைக்கும் தீர்ந்துபோனதில்லை என்பதுதான் அது. எலிகள் தங்குவதற்கென்று அடுக்கிய பெட்டிகளில், மேல் வரிசையில் நல்ல பெட்டி ஒன்று எப்போதும் பாதி காலியாகவே கிடக்கும். கொழுத்த ஆண் எலி ஒன்று அதன் வாசலை அடைத்துப் படுத்திருக்கும். அது யாரையும் கடிப்பதில்லை, சண்டைக்கும் போவதில்லை. கீழே ஒன்றின் மேல் ஒன்று ஏறி மிதிபட்டுக்கொண்டிருக்கும் எலிகள், அப்படி ஒரு பெட்டி இருப்பதையே நாளடைவில் மறந்துவிடும்.

இது ஒண்ணுதானே என்று அவளும் சொன்னாள். அவர் ஒருவருக்கென்றே இருக்கும் அறையை அவள் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

அந்த அறைக்கும் கதவு உண்டு, தாழ்ப்பாள் உண்டு, காற்று வரும் ஜன்னலும் உண்டு. பிள்ளைகள் நுழைந்து காகிதங்களைக் கலைத்துவிடுவார்கள் என்று, குளிக்க வரும்போதுகூட அவர் அதைப் பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுவந்துவிடுவார்.