தள்ளிப் படுத்துக்க சாமி

செண்பகத்தின் வயிற்றில் நீலம் பாரிக்காத இடமாகத் தேடி ஊசி போடுவது அவள் கணவன் குமரேசனின் காலை வேலை. இரத்தம் உறைந்து நஞ்சுக்கொடி அடைபடக் கூடாதென்று தினம் ஒன்று. குத்துமுன் விரலால் மெல்லத் தட்டி, “தள்ளிப் படுத்துக்க சாமி” என்று உள்ளிருக்கும் குழந்தையிடம் சொல்வான். ஏழாம் மாதம் அப்படியும் அடைபட்டது. குழந்தை உள்ளேயே அடங்கிப்போனது. பிரசவத்துக்குப் பிறகும் தாயின் இரத்தம் உறையலாம், இன்னும் ஆறு வாரம் ஊசியை நிறுத்தாதீர்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். வெறுங்கையோடு வீடு திரும்பிய மறுநாள், அவள் வழக்கம்போல் படுத்துச் சேலையை விலக்கினாள். பழக்கத்தில் அவன் விரல் வயிற்றைத் தட்டிவிட்டது. ஊசி பிடித்த கை அப்படியே நின்றது. அவள் விட்டத்தைப் பார்த்தபடி சொன்னாள்: “தள்ளிப் படுத்துக்குச்சு. போடுங்க.”