முழங்கால் வருத்தம்

தீபாராதனை தொடங்கியதும் எல்லோரும் எழுந்து கைகூப்பினார்கள். தூணோரம் கதிரைகளில் இருந்த இரண்டு பேர் மட்டும் எழவில்லை.

ஒருவர் தில்லைநாதன். பார்க்கின்சன் வருத்தக்காரர். மடியில் வைத்த கை ஆடிக்கொண்டே இருந்தது. மற்றவர் அவருடைய மனைவி கனகேஸ்வரி.

கொழும்பு வெள்ளவத்தையில் உள்ள அந்தக் கோயிலில் ஒழுங்கு பார்க்கிற நமசிவாயத்தாருக்குப் பொறுக்கவில்லை.

"அவர் ஏலாதவர், சரி. உங்களுக்கு என்ன தங்கச்சி? தீபம் காட்டேக்கையும் எழும்பக்கூடாதோ?"

"முழங்கால் வருத்தம் அண்ணை. நிக்க ஏலாது."

"தனிய இருக்க அவவுக்குக் கூச்சம்," என்றார் தில்லைநாதன் மெல்லிய குரலில். "அதுதான் துணைக்கு நானும் இருக்கிறன்."

பூசை முடிந்தது. வாசலில் நின்ற நமசிவாயத்தார் கண்டது வேறு காட்சி. கனகேஸ்வரி சேலையைத் தூக்கிப் பிடித்தபடி, போகிற ஓட்டோவுக்குப் பின்னால் ஓடினா.

"மல்லி, பொட்டக் இன்ன!" தம்பி, கொஞ்சம் நில்லும் என்று சிங்களத்தில் கூப்பிட்டா.

ஓட்டோ நின்றது. திரும்பி வந்தவவை நமசிவாயத்தார் மறித்தார்.

"நல்ல முழங்கால்! விபூதி பூசின நெத்தியோட, சாமிக்கு முன்னால பொய் சொல்லலாமோ?"

கனகேஸ்வரி உள்ளே எட்டிப் பார்த்தா. கணவர் இன்னும் கதிரையில்தான். எழும்ப முதல் குடிக்க வேண்டிய தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"மெல்லமாக் கதையுங்கோ அண்ணை. இவருக்குக் கை நடுக்கம் மட்டும் இல்லை. நாங்கள் எழும்பினால் இதயமும் நரம்பும் தானாப் பிரஷரைத் தூக்கிப் பிடிக்குமாம். இந்த வருத்தத்தால இவருக்கு அது நடக்கிறேல்லை. கொஞ்ச நேரம் நிண்டால் இரத்தம் காலுக்கு இறங்கி, கண் இருட்டி விழுந்திடுவார். போன மாசம் லிப்டுக்குள்ள விழுந்து ஆறு தையல்."

"அதுக்கு நீங்கள் ஏன் இருக்கோணும்?"

"இவர், 'எல்லாரும் நிக்க நான் மட்டும் சாமிக்கு முன்னால இருக்கிறதோ, இனிக் கோயிலுக்கே வரமாட்டன்' எண்டிட்டார். நாப்பது வருசம் வெள்ளிக்கிழமை தவறாத மனிசன், மூண்டு வெள்ளி வீட்டில சுவரைப் பாத்துக்கொண்டிருந்தவர். பிறகுதான் எனக்கு முழங்கால் வருத்தம் வந்தது."

நமசிவாயத்தார் வழியை விட்டு விலகிப் போய்விட்டார்.

அடுத்த வெள்ளி. தீபம் உயர்ந்தது. இந்தக் கோயிலுக்குப் புதிதாக வரத் தொடங்கியிருந்த தனுஷியா பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள்.

"அந்த அன்ரி நல்லா நடந்துதானே வந்தவ. எழும்பினால் என்னவாம்?"

அது தில்லைநாதன் காதிலும் விழுந்தது. மனைவியின் காலைப் பார்த்தார். நடுங்குகிற கையால் கதிரைப் பிடியை ஊன்றினார், எழும்ப.

"பிள்ளை, பேசாமல் சாமியைக் கும்பிடும்!" நமசிவாயத்தாரின் குரல் மணியோசைக்கு மேலால் கேட்டது. "அவவுக்கு ரெண்டு முழங்காலும் தேஞ்சு போச்சு. டொக்டரின்ர ரிப்போட்டை நானே பாத்தனான்!"

ஊன்றிய கை தளர்ந்தது. தில்லைநாதன் நன்றாகச் சாய்ந்து இருந்துகொண்டு கைகூப்பினார்.

நமசிவாயத்தார் சாமியின் பக்கம் திரும்பி, இரண்டு கன்னத்திலும் பலமாகப் போட்டுக்கொண்டார்.